ஸ்தோத்திரம் சொல்லச் சொல்லாதீங்க, கஞ்சி கொண்டு போங்க!

அமெரிக்கன் மிஷன் காலத்திலிருந்தே கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைந்த ஊர் எங்கள் பசுமலை. பையனுக்கு வேலை கிடைத்தாலும், புது வீடு கட்டினாலும், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தாலும் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைப்பார்கள். பாட்டு, ஜெபம், சாட்சி, கடைசியில் கேசரி, காபி. நல்ல வழக்கம்தான். நன்மை பெற்ற மனசு நன்றி சொல்லத்தானே செய்யும்!

ஆனால், கஷ்டம் வந்த வீட்டில் பலர் நடந்துகொள்கிற விதம்தான் எனக்குச் சரியாகப் படவில்லை. புருஷனுக்குப் பக்கவாதம் வந்து, ராத்தூக்கமில்லாமல் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிற பெண்ணிடம் போய், "எல்லாம் நன்மைக்குத்தாம்மா. அழாதே, ஸ்தோத்திரம் சொல்லு. முறுமுறுத்தா ஆண்டவருக்குப் பிடிக்காது" என்று புத்தி சொல்லிவிட்டு வருகிறார்கள். ஏற்கெனவே நொந்துபோனவள், 'நமக்கு விசுவாசம் போதலையோ' என்று இன்னொரு பாரத்தையும் சேர்த்துச் சுமக்கிறாள்.

வேதத்தில் யோபுவின் கதை நமக்குத் தெரியாததா? பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து, உடம்பெல்லாம் பருவாகிச் சாம்பலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க மூன்று நண்பர்கள் வந்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த உருப்படியான உதவி அது ஒன்றுதான்! வாய் திறந்து புத்தி சொல்ல ஆரம்பித்ததும் அவர் மனதைப் புண்ணாக்கினார்கள். கடைசியில் கடவுளின் கோபம் அந்த நண்பர்கள் மேல்தான் வந்தது. புலம்பித் தீர்த்த யோபுவே அவர்களுக்காக ஜெபிக்க வேண்டியதாயிற்று.

22-ம் சங்கீதமும் புலம்பலில் ஆரம்பித்துத்தான் துதிக்கு வருகிறது. சிலுவையில் இயேசு சொன்னதும் அந்தப் புலம்பலைத்தானே?

அப்படியானால் துன்பத்தில் நன்றி சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகச் சொல்லலாம். எந்த நிலையிலும் நன்றி சொல்லும்படி தெசலோனிக்கேய சபைக்குப் பவுல் எழுதியிருக்கிறார். ஆனால், கஷ்டத்துக்கே நன்றி சொல்வது வேறு; கஷ்டத்துக்கு நடுவிலும் கிடைத்ததற்கு நன்றி சொல்வது வேறு. அதுவும் பாடுபடுகிறவள் தானாக, தன் நேரத்தில் சொல்ல வேண்டியது. பக்கத்து வீட்டுக்காரி கேட்டு வாங்குவதற்கு அது என்ன கைமாத்தா?

வேலூர் சி.எம்.சி. டாக்டர் மேரி வர்கீஸை நினைத்துப் பாருங்கள். 1954-ல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். இளம் வயது, இனி நடக்கவே முடியாது. டாக்டர் பால் பிராண்ட் அவருக்கு ஒரு வேலையைக் காட்டினார். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்குச் செய்யும் ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாம் அல்லவா? சக்கர நாற்காலியில் இருந்தே அதைச் செய்தார் மேரி. பிறகு அமெரிக்கா போய்ப் படித்துத் திரும்பி, தம்மைப் போல் முடங்கியவர்களுக்காக வேலூரில் மறுவாழ்வுத் துறையை நடத்தினார். 1966-ல் அங்கே மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. 1972-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1986-ல் மறையும்வரை விசுவாசத்தை விடவில்லை. மற்றவர்கள் நீட்டிய கையும், கையில் கிடைத்த வேலையும் சேர்ந்துதான் அந்த நன்றியுள்ள வாழ்க்கையை வளர்த்தன.

சகோதரிகளே, கஷ்டப்படுகிற வீட்டுக்குப் போகும்போது ஒரு தூக்கில் கஞ்சியோ ரசம் சாதமோ கொண்டு போங்கள். ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் நீங்கள் இருந்து, அவளைத் தூங்க அனுப்புங்கள். அவள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வாருங்கள். அழுதால் அழ விடுங்கள். 'எல்லாம் தலையெழுத்து' என்று சொல்லிவிட்டு நகர்கிற மற்ற மதத்துச் சகோதரிகளுக்கும் இதையே சொல்வேன்.

வயிறு நிறைந்து, ஒரு ராத்திரி கண்ணயர்ந்து எழுந்தால், யாரும் சொல்லாமலே அவள் வாயில் ஸ்தோத்திரம் வரும். அதற்கு முன்னால் நாம் அவசரப்படுத்த வேண்டாமே!

- ஒரு வாசகி, பசுமலை, மதுரை - 4.