தோட்டத்துத் தாய்க்குப் பொறுப்பாளி யார்?

பிள்ளை பெற்ற தொழிலாளிப் பெண்ணுக்கு ஒரு மாத காலம் உணவும் உறையுளும் அளிப்பதும், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தக்க பராமரிப்பும் போஷாக்கும் கிடைக்கச் செய்வதும் தோட்டத் துரையின் கடமையென 1912ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் விதித்தது. அன்னிய ஆட்சியார் இதனைக் கருணையால் மட்டும் இயற்றினரென்று நாம் நம்பவில்லை. கொழுந்து பறிக்கும் கைகள் குறையலாகாது என்ற கணக்கும் அதிலுண்டு. ஆயினும், தோட்டத்துத் தாயும் சேயும் அரசின் பொறுப்பல்லர், தோட்டத்தின் பொறுப்பே என்ற எண்ணம் அன்று வேரூன்றியது. அதன் கசப்பை இன்றும் சுவைக்கிறோம்.

1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தோன்றியது. அவ்வழியே மருத்துவமாது கிராமத்து வீட்டு வாசலை மிதித்தாள். பிரசவ மரணத்தைக் குறைத்ததில் இலங்கை பெற்ற புகழில் அவளுக்குப் பெரும் பங்குண்டு. லயங்களோ நெடுங்காலம் அவ்வேற்பாட்டுக்குப் புறம்பாகவே நின்றன. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கிற்று. வாக்கற்றவனுக்காக எந்த மந்திரி வாதாடுவான்? 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பெனிகளின் கைக்குப் போயிற்று. எசமானர் மாறினர், பொறுப்பாளி யாரென்ற கேள்வி மாறவில்லை.

இன்று பிரசவங்கள் ஏறத்தாழ யாவும் வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவீட்டைப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வளர்ச்சி குன்றியோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேராயிருக்கத் தோட்டப்புறத்தில் 32 பேர்! வயிற்றிலேயே தொடங்கும் பட்டினியைப் பிரசவ விடுதியால் மட்டும் தீர்த்துவிட முடியுமா?

வெலிமடைக் கமக்காரரின் மனைவி கருவுற்றால் மருத்துவமாது அவள் வீடு தேடி வருகிறாள். அவள் மொழியிலேயே பேசுகிறாள். மடுல்சீமையில் மேற்கணக்கு லயத்திலிருக்கும் பெண்ணின் நிலை என்ன? கிளினிக்குக்கு இறங்கினால் அன்றைய பேர் போகும். போய்ச் சேர்ந்தாலும், தன் உபாதையைத் தமிழில் சொல்ல ஆளில்லாமல் கைச்சாடை காட்டித் திரும்பும் தாய்மார் பலர். தமிழும் அரசகரும மொழியென 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் கூறியது. கர்ப்பிணியின் அட்டையில் அவள் வாசிக்கமுடியாத எழுத்தில் அறிவுரை எழுதப்பட்டால், அத்திருத்தம் யாருக்காக?

தமிழ் கற்ற மருத்துவமாதுகள் கிடைக்கவில்லை என்பர் அதிகாரிகள். தோட்டப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞான வகுப்பு அரிதாயிருக்க, அவர்கள் எங்கிருந்து முளைப்பர்? கம்பெனியாரோ, தாமே மருந்தகமும் பிள்ளைக் காம்பராவும் நடத்துவதாகச் சொல்வர். நடத்தட்டும். தேயிலை விலை விழும்போது சுருங்கும் செலவைத் தாய்மாரின் உரிமையென்று நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

ஊவா மாகாணச் சுகாதாரத் திணைக்களம், பதுளை மாவட்டத்தின் ஒவ்வொரு லயமும் எந்த மருத்துவமாதின் பொறுப்பிலுள்ளது, அவள் தமிழறிந்தவளா என்பதைத் தோட்ட வாரியாக வெளியிடவேண்டும். பசறையிலும் ஹப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் உள்ள நம் வழக்கறிஞரும் வைத்தியரும் ஆசிரியரும் இப்பட்டியலை எழுத்திற் கேட்கட்டும். பதில் வாராவிடின் 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.