பாய்ப்படகுப் பந்தயமும் நம் மாணாக்கரும்

விளையாட்டு என்றவுடன் முதலிடம் பெற்றவர் யாவர் என வினவுவது நம்மவர் வழக்கம். அமெரிக்க நாட்டு உயர்நிலைப் பள்ளி மாணாக்கர் குழுவாய்ப் பொருதும் பாய்ப்படகுப் பந்தயத்தின் விதியோ இவ்வழக்கத்திற்கு முற்றும் மாறானது.

ஒவ்வொரு பள்ளிக்கும் மூன்று படகுகள், படகுக்கு இருவர். ஆறு படகுகளும் எல்லையைச் சேரும் வரிசையே மதிப்பெண்: முதலாவதற்கு 1, கடைசிக்கு 6. கூட்டுத்தொகை 10க்கு மேற்படாத பள்ளியே வெல்லும். ஆகவே 1, 5, 6 பெற்ற பள்ளி 12 எண்ணுடன் தோற்க, 2, 3, 4 பெற்ற பள்ளி 9 எண்ணுடன் வெற்றி எய்தும். இதனை அறிந்தே முன்செல்பவர் தம் வேகத்தைத் தணித்து, எதிரியின் பாய்க்குக் காற்று எட்டாவண்ணம் விதிக்குட்பட்டு மறித்து, பின்தங்கிய தோழர்க்கு வழி செய்கிறார்.

திருப்பூரார்க்கு இவ்வுண்மை புதிதன்று. பனியன் ஆலையில் துணி வெட்டுபவர் எத்துணை விரைந்தாலும், தைப்பவரோ பிசிர் நீக்குபவரோ பின்தங்கின், சரக்கு தூத்துக்குடியிற் கப்பலேறப் பிந்தும் அன்றோ? நம் கல்விச்சாலைகளோ, தனியொருவர் பெறும் முதன்மையை மட்டும் போற்றி, இப்பாடத்தைக் கற்பியாது விடுகின்றன.

கடலில்லா ஊருக்குப் பாய்ப்படகு எதற்கு எனச் சிலர் நகைக்கக்கூடும். சென்னைக் கடலிற் பயின்ற நேத்ரா குமணன் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கிற் பங்குகொண்டது வியப்பன்று என்பர். ஆயின், மத்தியப் பிரதேசத்து உழவர் குடியிற் பிறந்த நேஹா தாக்கூர், போபால் ஏரியிற் பயின்று, 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். இன்றியமையாதது கடலன்று; காற்றும் தூய நீருமே.

அந்நீரிலேதான் நம் குறை. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்கென எழுப்பிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட நேர்ந்தது. தத்தம் முன்னேற்றமே கருதி, ஆற்றின் கீழ்ப்புறத்து உழவரை மறந்ததன் பயன் அது.

உடுமலைக்கு அருகே திருமூர்த்தி அணை உளது. நம் வட்டாரப் பள்ளிகள் ஒருங்கு கூடி, அதிகாரிகளின் இசைவு பெற்று, மாணாக்கர்க்கு முதற்கண் நீச்சல் கற்பித்து, சில சிறு படகுகளை வாங்கி ஆங்கு இப்பந்தயத்தைத் தொடங்குதல் நலம் என்பது எம் துணிபு. பதக்கம் வருதலும் வாராமையும் பின்னர்க் காண்போம். பின்வரும் தோழனுக்காகத் தன் பாயைத் தளர்த்தக் கற்ற மாணாக்கன், நாளை ஆலை முதலாளியாயின், கழிவை ஆற்றில் விடத் துணியான்.