கைதட்டல் திறனாய்வு ஆகுமா?

நம் நாட்டில் தமிழ்த் தனியிசைத் தொகுப்பு ஒன்று புதிதாக வெளிவந்தால், உடனே இரண்டு தீர்ப்புகள் எழுதப்பட்டுவிடுகின்றன. "நம் பிள்ளைகள் செய்தது, ஆதரவு தாருங்கள்" என்பது ஒன்று. "தமிழையும் பண்பாட்டையும் கெடுக்க வந்தது" என்பது மற்றொன்று. முன்னதை நண்பர்களும் அறிவிப்பாளர்களும் வழங்குகிறார்கள். பின்னதை வழங்குவோருள் தமிழாசிரியர்களும் பெற்றோர்களுமே மிகுதி. இரு சாராருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. தொகுப்பை முதல் பாடலிலிருந்து கடைசிப் பாடல்வரை கேட்டவர்கள் அவர்களுள் மிகச் சிலரே!

திரைப்படத்தின் துணையின்றி, ஒரு கலைஞரோ குழுவினரோ தாமே எழுதி, இசையமைத்து, வெளியிடும் பாடல்களையே தனியிசை என்கிறேன். அவற்றுள் சொல்லிசைக்கே நம் மாணவர்களிடையே செல்வாக்கு அதிகம். நான்கடிச் செய்யுளை மனனம் செய்யத் தடுமாறும் ஆறாம் ஆண்டு மாணவன், மூன்று நிமிடச் சொல்லிசைப் பாடலை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறான். அவனுக்கு நினைவாற்றல் குறைவில்லை. வகுப்பறைக்கு வெளியே நாள்தோறும் ஒரு தமிழ்ப்பாடம் நடந்துகொண்டிருக்கிறது; அவ்வளவுதான். அப்பாடத்தில் நல்லது எது, பழுது எது என்று பிரித்துக் காட்டும் கடமை யாருக்கு? மொழியைக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கு இல்லையா?

முதலில், "தமிழைக் கெடுக்கிறார்கள்" என்பாரிடம் பேசுவோம்.

2019-ஆம் ஆண்டில் தமிழகக் கலைஞர்களான அறிவும் ஆஃப்ரோவும் இணைந்து வெளியிட்ட தொகுப்பின் பெயர் 'தெருக்குறள்'. பெயரைக் கேட்டவுடன் முகம் சுளிக்கும் தமிழன்பர்கள் உண்டு. ஓரெழுத்தை மாற்றிப் பொருளைப் புரட்டிய அந்தச் சொல்லாட்சியை ஒரு மாணவன் தன் கட்டுரையில் கையாண்டிருந்தால் மகிழ்ந்து மதிப்பெண் வழங்கியிருப்போம். அறம் பற்றிய பேச்சு தெருவிலும் நடக்க வேண்டும் என்ற எண்ணம் அப்பெயரில் இருக்கிறது. தொகுப்பில் சாதியையும் அதிகாரத்தையும் எதிர்த்து வாதம் இருக்கிறது. எதுகையும் மோனையும் அவ்வாதத்தைத் தாங்கி நிற்கின்றன. குறையும் உண்டு. சில இடங்களில் மேடைப்பேச்சு இசையை விழுங்கிவிடுகிறது. கேட்பவர் தாமே சென்றடைய வேண்டிய முடிவைப் பாடகரே சொல்லி முடித்துவிடுகிறார். குறளின் ஆற்றலோ அதன் சுருக்கத்தில் இருக்கிறது. பெயரைக் கடன் வாங்கியவர் அந்தச் சுருக்கத்தையும் கடன் வாங்கியிருக்கலாம். இவ்வாறு சொன்னால் அது திறனாய்வு. "குறளைத் தெருவுக்கு இழுத்துவிட்டான்" என்று சீறினால் அது வெறும் சினம்.

ஆங்கிலம் கலக்கிறார்கள் என்பது அடுத்த குற்றச்சாட்டு. கலப்பை நானும் வரவேற்பவன் அல்லன். ஆயினும், அருணகிரிநாதரின் திருப்புகழில் வடசொற்கள் மலிந்து கிடக்கின்றனவே. அதனை ஏன் ஒதுக்கவில்லை? எடுத்துக்கொண்ட சந்தத்தைப் பாடல் முழுவதும் தளரவிடாமல் காக்கும் அவருடைய உழைப்பு நம் செவிக்குத் தெரிகிறது. ஆகவே, நாம் கேட்க வேண்டிய வினா இது: அந்த அயற்சொல் தேவை கருதி வந்ததா, தமிழ்ச்சொல்லைத் தேடாத சோம்பலால் வந்ததா? சோம்பலே குற்றம்.

இன்னொன்றும் கேட்கலாம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பது இலக்கணம். தாளத்துக்காகக் குறிலை நீட்டினால் 'படு' 'பாடு' ஆகும். 'கல்' 'கால்' ஆகும். மெல்லிசையில் இவ்வாறு நேர்ந்தால் மெட்டின் இனிமையில் அது மறைந்துவிடுகிறது. சொல்லிசையிலோ சொல்லே இசைக்கருவி. அங்கே மாத்திரை பிசகினால் மூடி மறைக்க எதுவுமில்லை. லகர, ளகர, ழகரங்களின் நிலையும் அதுவே. இக்குறைகளைக் கண்டறியப் பெரிய இசைப்புலமை வேண்டியதில்லை. தமிழாசிரியரின் செவி போதும்.

இனி, "ஆதரவு தாருங்கள்" என்பாரிடம் வருவோம்.

2006-இல் வெளிவந்த 'வல்லவன்', யோகி பி, நட்சத்திரா குழுவினரின் தொகுப்பு. மலேசியத் தமிழ்ச் சொல்லிசையைக் கடல் கடந்தும் கேட்க வைத்தது. அதன் மிடுக்கான உச்சரிப்பை இன்றும் பலரால் எட்ட முடியவில்லை. ஆனால், அதில் பெரிதும் நினைவுகூரப்படும் பாடல் எது? 'மடை திறந்து'. அது 1980-இல் வெளியான 'நிழல்கள்' திரைப்படத்துக்கு இளையராஜா அமைத்த பாடலை அடித்தளமாகக் கொண்டது. வீடு புதியது, கடைக்கால் திரைப்படத்தினுடையது. இதைச் சொல்வதால் முன்னோடிகளின் பெருமை சிறிதும் குறையாது. இதை உரிய காலத்தில் உரக்கச் சொல்லியிருந்தால், பின்வந்தோர் சிலர் பழைய திரைப்பாடலின் தோளில் ஏறி நிற்பதையே வழக்கமாக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். அவர்கள் செவியில் விழுந்தது கைதட்டல் மட்டுமே.

அண்மைக்காலத் தொகுப்புகளில் என்னை மிகவும் உறுத்துவது இரவல் பேச்சு. 2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர், கானாவையும் ராக் இசையையும் சொல்லிசையையும் இணைத்தனர். அவர்களுடைய பாடல்களில் வரும் சென்னை வழக்கைக் 'கொச்சை' என்று தள்ளுவது அறியாமை. அது அவர்கள் வாழும் தெருவின் மொழி. ஆகவே, அவர்கள் வாயில் அது உண்மை. கிள்ளானிலும் ஈப்போவிலும் பிறந்து வளர்ந்த நம் இளைஞர்கள் அதே வழக்கை எடுத்து அணிந்துகொள்ளும்போது அது வேடமாகிறது. நம்மிடம் சொல் இல்லையா? பால்மரம், மங்கு, ஒட்டுப்பால், பெரட்டுக்களம், லயம் என்று நம் தாத்தா பாட்டி பேசிய சொற்கள் எங்கே போயின? தோட்டத் துண்டாடலும், அதன்பின் நகரத்துக்குப் பெயர்ந்த குடும்பங்களின் பாடும் எத்தனை தொகுப்புகளில் ஒலிக்கின்றன?

2021-இல் வெளியான 'என்ஜாய் எஞ்சாமி' பாடலுக்கு நம் பள்ளி விழாக்களில் பிள்ளைகள் ஆடினார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் வாழ்வை மனத்தில் வைத்து அறிவு எழுதிய பாடல் அது. ஆடியவர்களோ பால்மரம் சீவியவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள். அது தங்கள் வீட்டுக் கதையும்கூட என்பதை அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

"சந்தையே சிறியது, குறை சொன்னால் கலைஞர்கள் சோர்ந்துவிடுவார்கள்" என்பது வழக்கமான மறுமொழி. அதே ஆண்டு ஆகஸ்டில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். 'ரோலிங் ஸ்டோன்' இதழின் இந்தியப் பதிப்பு, அப்பாடலைக் குறிப்பிட்டு வெளியிட்ட அட்டையில் அறிவின் படம் இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி எழுப்பினர். பின்னர், அறிவின் படத்துடன் அவ்விதழ் தனியே ஓர் அட்டையை இணையத்தில் வெளியிட்டது. எழுதியவருக்கு இடம் பெற்றுத் தந்தது கைதட்டலா? இல்லை, கூர்ந்து கவனித்தவர்கள் எழுப்பிய கேள்வி!

காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்குவது ஆதரவு. பாடலைப் பற்றிப் பொய் சொல்வது ஆதரவன்று.

பெற்றோர்களே, பிள்ளையின் செவிப்பொறியைப் பிடுங்கி வைப்பதால் பயனில்லை. ஒரு மாலைப்பொழுதில் அவனருகே அமர்ந்து ஒரு தொகுப்பை முழுமையாகக் கேளுங்கள். எந்த வரி பிடித்தது, ஏன் பிடித்தது என்று வினவுங்கள். இழிசொல் மலிந்த பாடலைத் தாராளமாகத் தள்ளுங்கள். காரணம் சொல்லித் தள்ளுங்கள். ஆசிரிய நண்பர்களே, செய்யுளும் மொழியணியும் நடத்தும் வேளையில், தகுதியான சொல்லிசைப் பத்தி ஒன்றை எடுத்து எதுகை, மோனையைத் தேடச் சொல்லுங்கள். தேய்ந்த உவமையையும் பொருளற்ற அடுக்கையும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். அவ்வாறு பழகிய பிள்ளை, மோசமான பாடலைத் தானே அடையாளம் காண்பான். நாளை அவனே பாட்டெழுத வந்தால், நம்மை ஏமாற்ற முடியாது என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

மாணவனின் கட்டுரை ஏட்டில் நாம் சிவப்பு மை இடுவது அவனை வெறுப்பதால் அன்று. அவன் இன்னும் நன்றாக எழுதுவான் என்று நம்புவதால். நம் இசைக் கலைஞர்களுக்கு மட்டும் அந்த நம்பிக்கையை ஏன் மறுக்க வேண்டும்?