விட்டுக் கொடுத்தவன் வென்ற கதை

ஒரு வாலிபன் ஒரு பெண்ணைப் பார்க்கிறான். பார்த்தவுடன் காதல்! நடுவில் பாட்டு, சண்டை, சிரிப்பு. கடைசியில் கல்யாணம். மேளம் கொட்டும்போது "சுபம்" என்று எழுத்து விழும். நாமும் எழுந்து வீட்டுக்குப் போவோம்.

காதலும் ஹாஸ்யமும் கலந்த படங்களில் பத்துக்கு ஒன்பது இப்படித்தான் முடியும்.

ஆனால் கன்னடத்தில் ஒரு படம் வந்தது. அதிலும் காதல் உண்டு. சிரிப்பு உண்டு. கல்யாண வீடும் உண்டு. மாப்பிள்ளைதான் வேறு ஒருவன்! அந்த மாப்பிள்ளையைத் தன் வண்டியில் ஏற்றி வந்து, கல்யாண வீட்டில் இறக்கி விட்டு, திரும்பிப் போகிறவன்தான் கதாநாயகன்!

"இதை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்?" என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா?

பார்த்தார்கள். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. பெங்களூரில் ஓராண்டுக்கு மேல் பார்த்தார்கள்! 2006-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி வெளியான "முங்காரு மளே" என்ற படம்தான் அது.

பெயரின் பொருள்

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நமக்குத் தெரிந்த சொற்கள்தாம்.

"முன் கார்" என்பதே "முங்காரு". கார் என்றால் மோட்டார் கார் அல்ல. கார்காலம் என்கிறோமே, அந்தக் கார். நம் "மழை" அவர்கள் வாயில் "மளே" ஆகிறது. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டு வரும் முதல் மழைக்குக் கன்னட நாட்டு விவசாயிகள் வைத்திருக்கும் பெயர் இது. பிந்தி வரும் மழைக்கு "ஹிங்காரு" என்று பெயர். அதாவது, பின் கார்.

முன் கார் பெய்தால்தான் விதைப்பு. அந்த மழையின் பெயரைத்தான் ஒரு காதல் கதைக்கு வைத்தார்கள்.

குழியில் விழுந்தான்!

கதை மிகச் சிறியது.

பிரீதம் பணக்கார வீட்டுப் பிள்ளை. பெங்களூரில் ஒரு பெரிய அங்காடி வாசலில் நந்தினி என்ற பெண்ணைப் பார்க்கிறான். பார்த்துக்கொண்டே நடந்தவன், கால் தவறிக் குழியில் விழுந்து விடுகிறான்! அவளே கைகொடுத்துத் தூக்கி விடுகிறாள். அந்த அவசரத்தில், அப்போதுதான் வாங்கிய அவளுடைய கைக்கடிகாரம் நழுவி விடுகிறது. இதய வடிவில் செய்த கடிகாரம் அது. அவளிடம் சேர்க்க வேண்டும் என்று இவன் அதைப் பத்திரப்படுத்துகிறான்.

பிறகு தாயாருடன் குடகுநாட்டு மடிக்கேரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகிறான். அங்கே அவளைப் பார்க்கிறான். மனதில் இருப்பதைச் சொல்லியும் விடுகிறான். அவளோ, "எனக்கு நிச்சயமாகி விட்டது" என்கிறாள். இவன் வந்திருப்பதே அவளுடைய கல்யாணத்துக்குத்தான்! முகூர்த்தத்துக்கு ஒரு வாரம்தான் பாக்கி. தங்கியிருப்பதும் அவள் தகப்பனார் வீட்டில்தான்.

அந்தத் தகப்பனார் ஓர் ஓய்வு பெற்ற கர்னல். அவருக்குக் காது மந்தம். இவன் ஒன்று சொல்ல, அவர் வேறொன்று புரிந்துகொள்ள, கொட்டகை முழுவதும் சிரிப்பு! அனந்த் நாக் என்ற தேர்ந்த நடிகர் அந்த வேடத்தில் வெளுத்து வாங்கியிருக்கிறார்.

சின்ன முதல், சின்னப் பெயர்கள்

இந்தப் படத்தை எடுத்தவர்கள் யார்? அன்றைய தேதியில் பெரிய பெயர்கள் அல்ல.

டைரக்டர் யோகராஜ் பட் அதற்கு முன் "மணி", "ரங்கா எஸ்.எஸ்.எல்.சி." என்று இரண்டு படங்கள் எடுத்திருந்தார். இரண்டும் பெரிதாக ஓடவில்லை. கதாநாயகன் கணேஷ், டெலிவிஷனில் "காமெடி டைம்" என்ற நகைச்சுவை நிகழ்ச்சி நடத்தியவர். "காமெடி டைம் கணேஷ்" என்றால்தான் ஜனங்களுக்குத் தெரியும்.

கதாநாயகி பூஜா காந்தி மீரட் நகரில் பிறந்தவர். கன்னடம் அவருக்குத் தாய்மொழி அல்ல. தமிழ் ரசிகர்கள் அவரை அதே 2006-ல் "கொக்கி" படத்தில் பார்த்திருக்கிறார்கள்.

சங்கீதம் அமைத்த மனோ மூர்த்தி, அமெரிக்காவில் கம்ப்யூட்டர் தொழில் நடத்தியவர். பாட்டு எழுதிய ஜயந்த் காய்கிணி, கோகர்ணத்தில் பிறந்த கவிஞர், சிறுகதை ஆசிரியர். மும்பையில் மருந்து கம்பெனியில் ரசாயன வேலை பார்த்தவர். கதை எழுதிய பிரீதம் குப்பி, தம் பெயரையே கதாநாயகனுக்கு வைத்துவிட்டார்!

இவர்களை நம்பிப் பணம் போட்டவர் ஈ. கிருஷ்ணப்பா. செலவு சுமார் 70 லட்சம் ரூபாய் என்று பத்திரிகைகள் எழுதின. பெரிய நட்சத்திரங்களின் சம்பளமே கோடியைத் தாண்டிய காலம் அது!

மழையும் ஒரு நடிகர்

சினிமா மழை என்றால் என்ன? குழாய் வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள். நாலு பக்கமும் நனையும். மழை மாதிரி இருக்கும். ஆனால் வானம் அதற்கு ஒத்துழைக்காது. மேகம் இருக்காது, மலை மேல் மூட்டம் இருக்காது, மரத்தின் பச்சையும் தெளியாது.

இந்தப் படத்துக்கு அந்த மழை போதாது. கதையில் பெரும்பகுதி மழையிலேயே நடக்கிறது. ஆகவே, மழை எங்கே உண்டோ அங்கேயே போனார்கள். மடிக்கேரி, சக்லேஷ்பூர், ஜோக் நீர்வீழ்ச்சி என்று மலைநாட்டில் காமிராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள்.

ஜோக் நீர்வீழ்ச்சி நமக்குப் புதிதல்ல. "கெர்சப்பா" என்று பழைய பாடப்புத்தகங்களில் படித்தோமே, அதுதான். ஷராவதி ஆறு 830 அடி உயரத்திலிருந்து நாலு பிரிவாகக் கீழே பாய்கிற இடம். காமிராக்காரர் எஸ். கிருஷ்ணா அதைப் படத்தில் காட்டிய விதத்தைப் பார்த்து, ஜனங்கள் குடும்பத்தோடு ஜோக் பார்க்கக் கிளம்பி விட்டார்கள்!

முயலிடம் பேசினான்

படத்தில் இன்னொரு முக்கியப் பாத்திரம், ஒரு முயல்! அதற்குப் பெயர் "தேவதாஸ்". 1953-ல் தமிழில் வந்த "தேவதாஸ்" படத்தைப் பார்த்து அழுதவர்களுக்கு, அந்தப் பெயரின் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

மனதில் உள்ளதை மனிதரிடம் சொல்ல முடியாதபோது, பிரீதம் அந்த முயலிடம் சொல்கிறான். பேச்சு நீட்டி முழக்கும் வசனம் அல்ல. தெருமுனையில் நண்பனிடம் பேசுகிற பேச்சு. அதில் கேலி இருக்கிறது. கேலிக்கு அடியில் அழுகை இருக்கிறது.

பாட்டுகளும் அப்படித்தான். சோனு நிகாம் பாடிய பாட்டு ஆட்டோவிலும் டீக்கடையிலும் ஒலித்தது. கன்னடம் தெரியாதவர்களும் முணுமுணுத்தார்கள்.

அந்த 2006-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதிதான், கன்னடத் திரையின் பெருந்தலைவர் ராஜ்குமார் மறைந்தார். பெரிய மரம் சாய்ந்த அந்த ஆண்டின் கடைசி வாரத்தில் இந்தச் சின்னச் செடி முளைத்தது.

வாய் வழியே விளம்பரம்

பார்த்தவர்கள் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அவர்கள் தாயாரையும் அழைத்துக்கொண்டு போனார்கள். ஒரே கட்டிடத்தில் பல திரைகள் வைத்த "மல்டிபிளெக்ஸ்" கொட்டகையில், நல்ல படமே சில வாரம்தான் நிற்கும். அங்கேயும் இந்தப் படம் ஓராண்டைத் தாண்டியது!

பிறகு தெலுங்கில் "வானா" என்ற பெயரில் 2008-ல் எடுத்தார்கள். வங்காளி, ஒரியா, மராத்தி மொழிகளிலும் எடுத்தார்கள். கணேஷ் பெரிய நட்சத்திரமானார். 2016-ல் வேறொரு டைரக்டர், அதே கணேஷை வைத்து இரண்டாம் பாகம் எடுத்தார். ஆனால் முதல் படத்தின் மவுசு அதற்குக் கிடைக்கவில்லை. பெயரை மறுபடி வைக்கலாம். மழையை மறுபடி வரவழைக்க முடியுமா?

ஏன் திரும்பிப் போனான்?

இனிமேல்தான் நாம் யோசிக்க வேண்டிய விஷயம் வருகிறது.

நந்தினியின் மனமும் மெல்ல மெல்ல இவன் பக்கம் சாய்கிறது. ஆனால் ஒரு நாள் காலையில் கர்னல் இவனிடம் மனம் விட்டுப் பேசுகிறார். "எனக்கு இருதய நோய். மகள் கல்யாணத்தைப் பார்த்து விட்டால் போதும்" என்ற பொருளில் சொல்கிறார்.

பிரீதம் வாய் திறக்கவில்லை. ஒதுங்கி விடுகிறான். கல்யாணத்துக்கு முந்தின இரவு மாப்பிள்ளையைக் கொல்ல ஒருவன் வருகிறான். அவனிடமிருந்து மாப்பிள்ளையைக் காப்பாற்றுகிறவனும் இவனே! மறுநாள் மாப்பிள்ளையை வீட்டில் சேர்த்து விட்டுப் போகிறான்.

தனக்குக் கிடைக்காவிட்டால் யாருக்கும் கிடைக்கக்கூடாது என்று பெண்ணின் மேல் திராவகம் வீசுகிற செய்தியை நாம் பத்திரிகையில் படிக்கிறோம். அப்படிப்பட்ட நாளில், காதல் என்பது பறிப்பதல்ல என்று ஒரு படம் சொன்னது. அதையும் சிரிக்கச் சிரிக்கச் சொன்னது. இதற்காகவே எடுத்தவர்களைப் பாராட்ட வேண்டும். கடைசிக் காட்சியில் ஜோடியைச் சேர்த்து வைப்பது அவர்களுக்குச் சுலபம். கைதட்டலும் நிச்சயம். அந்தச் சுலபத்தை அவர்கள் விட்டுக் கொடுத்தார்கள். ஜனங்கள் அதைப் புரிந்துகொண்டார்கள்.

யார் அவளைக் கேட்டார்கள்?

ஆனாலும் ஒரு கேள்வி நம் மனதை விட்டுப் போகவில்லை.

பிரீதம் நல்லவன். கர்னலும் நல்லவர். மாப்பிள்ளையும் நல்லவன். மூன்று நல்லவர்கள் சேர்ந்து ஒரு பெண்ணின் வாழ்க்கையை முடிவு செய்தார்கள். அந்தப் பெண்ணை யாராவது கேட்டார்களா?

தகப்பனாரின் நோய்க்காக இவன் காதலை விட்டான். சரி, அது தியாகம். அவளும் விட்டாளே, அது யார் கணக்கில்? இவன் விட்டுக் கொடுத்தது தன் மனதை மட்டும் அல்ல. அவள் மனதையும் சேர்த்து. அதைக் கொடுக்க இவனுக்கு உரிமை உண்டா?

படம் முடியும்போது நாம் அவனுக்காக அழுகிறோம். அவளுக்காக அழ மறந்து விடுகிறோம். இது படத்தின் குற்றம் மட்டும் அல்ல. நம் வீடுகளின் வழக்கமும் அதுதான். பத்திரிகை அச்சாகிவிடும், மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிடும், சொந்தக்காரர்களுக்கு வெற்றிலை பாக்கு போய்விடும். பிறகுதான் பெண்ணின் முகத்தைப் பார்ப்போம். அது வாடியிருந்தால், "கூச்சம்" என்று சொல்லிச் சமாதானம் செய்துகொள்வோம்!

வாலிபர்களுக்கு இந்தப் படம் சொல்வது: பெண் மறுத்தால் விலகிப் போ, அதில் அவமானம் இல்லை. பெற்றோர்களுக்கு நாம் சொல்வது: பத்திரிகை அச்சுக்குப் போகுமுன், ஒரு நாள் சாயங்காலம், யாரும் இல்லாத நேரத்தில், மகளை அருகே உட்கார வைத்துக் கேளுங்கள். பதில் வரும்வரை பொறுமையாகக் காத்திருங்கள்.

கர்னலின் காது மந்தத்தைப் பார்த்துச் சிரித்தோம். அவருக்காவது அது உடலின் குறை. நம் மகள் சொல்ல வந்ததைக் கேட்க, நமக்குக் காது இருக்கிறதா?