மரப்பெட்டியில் ஒரு தோட்டம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் பல தமிழ்க் குடும்பங்களின் முன்னோர் தோட்டப்புறங்களில் வாழ்ந்தவர்கள். லயத்து வீட்டின் பின்புறத்தில் கறிவேப்பிலையும் முருங்கையும் வளர்ந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மேம்பாட்டுக்கு விற்கப்பட்டும் மறைந்தபோது, மக்கள் அடுக்குமாடிகளுக்கும் வரிசை வீடுகளுக்கும் குடிபெயர்ந்தனர். அந்தப் பின்புற நிலமும் கைவிட்டுப் போனது. இன்று வீட்டின் முன்புறம்கூடச் சிமெண்டுத் தரைதான். அதில் மகிழுந்து நிற்கிறது. 'செடி வைக்க ஏது இடம்?' என்று பலர் கேட்கின்றனர். ஒரு மரப்பெட்டி வைக்கும் அளவு இடம் பெரும்பாலான வீடுகளில் உண்டு.

உயர்த்தி அமைத்த பெட்டி இங்கு வெறும் அழகுப் பொருள் அன்று. கோலாலம்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பல இடங்களில் மண்ணோ களிமண். ஒரு காலத்தில் செங்கல் சூளைகள் இருந்ததால்தான் பிரிக்பீல்ட்ஸ் அப்பெயர் பெற்றது. செங்கல்லுக்கு ஏற்ற மண்ணில் நீர் எளிதில் வடியாது. கீரையின் வேர் அழுகிவிடும். பெட்டியில் மேல்மண், மட்கிய உரம், தேங்காய் நார்த்தூள் ஆகியவற்றைக் கலந்து நிரப்பினால் இத்தொல்லை நீங்கும்.

எந்த மரத்தைப் பயன்படுத்துவது? செங்கால் மரம் பல்லாண்டு உழைக்கும். விலை மிக அதிகம். ரப்பர் மரம் மழையில் விரைவில் பூஞ்சை பிடிக்கும். துறைமுக நகரமான கிள்ளானில், சரக்குகளை அடுக்கப் பயன்படும் பழைய பலகைத் தட்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. மலிவு என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாகாது. பன்னாட்டு வணிகத்தில் பயன்படும் தட்டுகளில் முத்திரை இருக்கும். 'எச்.டி.' என்றால் வெப்பமூட்டிப் பதப்படுத்தியது, 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுவாயுவைப் பயன்படுத்தியது. உண்ணும் கீரைக்கு முன்னதே ஏற்றது. முத்திரை இல்லாததையும் எண்ணெய்க் கறை படிந்ததையும் ஒதுக்கிவிடுவதே நல்லது.

அடுக்குமாடியில் வாழ்வோர் எடையை மறந்துவிடக்கூடாது. ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழம் கொண்ட பெட்டியில் ஈரமண்ணை நிரப்பினால் எடை 200 கிலோகிராமைத் தாண்டும். மாடி முகப்பில் அதை வைப்பதைவிட, 20 சென்டிமீட்டர் ஆழமுள்ள சிறு பெட்டிகளே போதும். கீரைக்கு அந்த ஆழம் தாராளம்; கத்தரிக்குத்தான் போதாது.

அடிப்பலகையில் துளையிட்டு, பெட்டியைச் செங்கற்களின் மேல் தூக்கி வைக்க வேண்டும். அடியில் தட்டு வைத்து நீரைத் தேங்கவிடுவோரும் உள்ளனர். ஏடிஸ் கொசுவின் முட்டை ஏறத்தாழ ஒரு வாரத்திலேயே கொசுவாகிவிடும். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டப்படி, கொசு வளர இடங்கொடுக்கும் வீட்டுக்காரருக்குத் தண்டம் உண்டு. தோட்டம் போடுகிறேன் என்று டிங்கியை வளர்ப்பது அண்டை வீட்டாருக்குச் செய்யும் தீங்காகும்.

இதனால் சந்தைச் செலவு பெரிதும் குறையும் என்று சிலர் கூறுவது மிகைதான். பலகை, திருகாணி, மண் ஆகியவற்றுக்கான செலவைக் கணக்கிட்டால் முதலாண்டில் மிச்சம் ஏதும் இராது. ஆயினும் உணவுப் பயிரிடுவது வீட்டளவில் முடியும் வேலையே. 1974இல், துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்தபோது, பச்சை நூல் திட்டத்தின்வழி மக்கள் காலி நிலங்களில் காய்கறி பயிரிட ஊக்குவிக்கப்பட்டனர். வீட்டில் வெயிலே படாதவர்களுக்கும் வழி உண்டு. 2017இல் பங்சாரில் மின்கம்பிகளுக்குக் கீழிருந்த நிலத்தில் தொடங்கப்பட்ட கெபுன்-கெபுன் பங்சார் போன்ற சமூகத் தோட்டங்களில் அவர்கள் கைகொடுக்கலாம்.

பலகையை அளந்து அறுக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்க வேண்டும். இரம்பத்தைப் பிடிக்கும்போது மட்டும் பெரியவர் ஒருவர் உடனிருந்தால் போதும். தண்டுக்கீரை விதைத்து ஒரு மாதத்திற்குள் பறித்துவிடலாம். பள்ளி விடுமுறையின் முதல் வாரத்தில் விதைத்தால், பள்ளி திறந்த சில நாள்களிலேயே கீரை சட்டிக்கு வந்துவிடும்.