எது நல்ல வண்டி?

குழந்தைகளே, யாங்கோன் பபேடானில் 1871-இல் தமிழர்கள் கட்டிய காளி கோயில் இருக்கிறது. அங்கே போக ஒரு சைக்கா பிடிக்கணும்னா, எதைத் தேர்ந்தெடுப்பீங்க? சைக்கா என்றால் பக்கத்தில் இருக்கை வைத்த மூன்று சக்கர சைக்கிள். இரண்டு பேர் முதுகோடு முதுகாக உட்காரலாம்.

என் மகள் பளபளன்னு இருக்கிற வண்டியைத்தான் காட்டுவாள். நான் ஒத்துக்க மாட்டேன். பிரேக் பிடிக்குதா? டயர்ல காத்து இருக்கா? இருக்கை ஆடாம இருக்கா? இதைத்தான் முதலில் பார்க்கணும்.

சில நாடுகளில் காருக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டையே இழுத்துப் போவார்கள். அதுதான் கேரவன். அதற்கும் இதே கணக்குதான். உள்ளே டிவி இருக்கான்னு கேட்காதீங்க. கூரை ஒழுகுதா, அதன் எடையை நம்ம கார் இழுக்குமான்னு கேளுங்க.

அழகு அப்புறம். எல்லாரும் பத்திரமா வீடு திரும்பணும்!