உல்லாசம் அவர்களுக்கு, ஈயம் குழந்தைகளுக்கா?

அமெரிக்காவில், காலிபோர்னியா மாகாணத்தில் ஸான் ஹோஸே என்றொரு நகரம். அதன் கிழக்குப் பகுதியில் ரீட்-ஹில்வியூ என்ற சிறு விமான நிலையம். பெரிய பிரயாணி விமானங்கள் அங்கே வருவதில்லை. விமானம் ஓட்டப் பழகுகிறவர்களும் பொழுதுபோக்குக்காகப் பறப்பவர்களுமே அதைப் பெரும்பாலும் உபயோகிக்கிறார்கள். சுற்றிலும் குடியிருப்பவர்கள் யார்? மெக்ஸிகோவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்து குடியேறிய உழைப்பாளிக் குடும்பங்கள்!

பழகுகிறவர் விமானத்தை இறக்குவார். நிற்காமலே மீண்டும் ஏற்றுவார். வட்டமிட்டுத் திரும்பவும் வருவார். தறியோட்டும் தோழருக்கு இரைச்சல் என்றால் என்னவென்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஷிப்டு முடிந்தால் அவருக்குச் சங்கு ஊதும். வீட்டுக் கூரைமேல் இரையும் எஞ்சினுக்கு எந்தச் சங்கு ஊதும்?

இரைச்சலாவது காதில் விழுகிறது. ஓசையின்றி வருவது ஈயம். மோட்டார் கார் பெட்ரோலில் ஈயம் கலப்பதை அமெரிக்கா 1996-லும் இந்தியா 2000-லும் ஒழித்துவிட்டன. ஆனால் இந்தச் சிறு விமானங்களுக்கான பெட்ரோலில் லிட்டருக்கு அரை கிராம் வரை, அதற்குச் சற்று மேலும்கூட, ஈயம் சேர்க்கப்படுகிறது. அமெரிக்கக் காற்றில் கலக்கும் ஈயத்தில் சுமார் 70 சதவிகிதம் இவை கக்கும் புகையே. ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். 'இந்த அளவு வரை தீங்கில்லை' என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது.

அந்த நிலையத்தை நடத்தும் ஸாண்டா கிளாரா ஜில்லா நிர்வாகம், குழந்தைகளின் சுமார் 17,000 ரத்தப் பரிசோதனை முடிவுகளை ஆராயச் செய்தது. 2021-ல் உண்மை வெளிவந்தது. நிலையத்துக்கு அருகிலும் காற்று வாக்கிலும் வாழும் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் அதிகம். 2022 ஜனவரி 1 முதல் அங்கே ஈயப் பெட்ரோல் விற்பனை நின்றது.

மற்ற ஊர்களின் கதி என்ன? இந்தப் புகை பொதுஜன ஆரோக்கியத்துக்குக் கேடு என்று 2023 அக்டோபரில் அமெரிக்க சர்க்காரின் சுற்றுச்சூழல் இலாகாவே தீர்மானித்தது. ஆனால் 2024-ல் வந்த சட்டம் சொல்வதென்ன? 2022-ல் இதை விற்ற நிலையங்கள், தக்க மாற்று வரும்வரை அல்லது 2030 முடியும்வரை, விற்றே தீரவேண்டுமாம்! 2022-ல் பிறந்த குழந்தைக்கு 2030-ல் எட்டு வயது. வளரும் மூளை சட்டத்துக்காகக் காத்திருக்குமா?

ஈயமில்லாப் பெட்ரோல் எல்லா எஞ்சினுக்கும் ஒத்துவராது என்கிறார்கள். சிக்கல் மெய்தான். அதற்குப் பாடுபட வேண்டியது எண்ணெய்க் கம்பெனியும் எஞ்சின் செய்பவனும், தொட்டில் குழந்தையல்ல. "நிலையம் முன்பே இருந்ததே, ஏன் அங்கே குடிபோனீர்கள்?" என்றும் கேட்கிறார்கள். கைக்கெட்டும் வாடகைக்கு எங்கே வீடு கிடைக்கிறதோ அங்கேதான் கூலிக்காரன் குடிபோவான்.

பறப்பது குற்றமென்று நாம் சொல்லவில்லை. ஈயத்தை நிறுத்து, வட்டமிடும் நேரத்துக்கு வரம்பு கட்டு, கீழே வாழும் மக்களைக் கேட்டு முடிவு செய்! இந்தக் கோரிக்கையில் என்ன அநியாயம்?